தையல்காரர் சிரிக்கவில்லை

அன்புள்ள குருவிக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று உன் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது, சந்தோஷம். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி திட்டப் போகிறேன். உட்கார்ந்து படி.

உன் நாவல் கைக்கு வந்தது. நீ அனுப்பி அல்ல. நூலகத் திறப்பு விழாக் குழுச் செயலாளர் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் கொடுத்துவைத்தவளாம், என்னைப் போய் இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாயாம். அந்த 'என்னைப் போய்' என்பதைக்கூட அவருக்கு மன்னித்துவிட்டேன். உன்னைத்தான் முடியவில்லை.

நாவல் முழுக்கக் கடிதங்கள். போருக்குப் பிறகு தலைநகருக்குப் போய்விட்ட ஆசிரியையும் ஊரிலேயே தங்கிவிட்ட நூலகப் பெண்ணும் எழுதிக்கொள்கிறார்கள். அதாவது நீயும் நானும். அதில் நான் உனக்குக் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளியிருக்கிறேன். "அந்திச் சூரியன் நம் நட்பைப்போல் சிவந்து நிற்கிறது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். எப்போதடி எழுதினேன்? அந்தி நேரமெல்லாம் நான் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நீ போன இத்தனை வருஷத்தில் நான் உனக்குப் போட்டது ஒரே ஒரு அஞ்சலட்டை. நீ விட்டுப்போன குடையை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். அதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. தேதி முத்திரை குத்தியே காலத்தை ஓட்டுகிறவள் என்று எனக்கு 'முத்திரை' என்று பெயர் வைத்தவள் நீ. என் கையெழுத்தை எனக்குத் தெரியாமலே எடுத்துப் போட்டுக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தது?

போகட்டும். என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம், நான் உயிரோடு இருக்கிறேன், பதிலுக்குத் திட்டுவேன். தையல்கார அண்ணனை என்ன செய்து வைத்திருக்கிறாய்?

உனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. படையினர் வந்து நூலகத்தை லாரி பழுதுபார்க்கும் கூடமாக்கினார்கள். யார் வீட்டிலும் புத்தகம் இருக்கக் கூடாது, கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நீயும் நானும் மேல்கோட்டுக்குள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தினோம். கொண்டுபோய் வைக்க ஊரில் ஒரே இடம்தான் இருந்தது, அண்ணனின் தையல்கடைப் பின்னறை. ஏன் அங்கே? அவர் படையினரின் சட்டை கால்சட்டைகளைத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார், அதனால் அந்தக் கடையை யாரும் சோதிக்கவில்லை. அவர்களுடைய கிழிந்த சட்டைகளுக்கு அடியில்தான் நம் புத்தகங்கள் கிடந்தன. உன் நாவலிலோ அவர் ஊசியை முறித்துப் போட்டு "உங்கள் சீருடையில் என் நூல் ஏறாது" என்கிறார். ஏறாமலா? ஏறிய நூலில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

ராத்திரிகளில் அந்தப் பின்னறையில் நீ வாசித்த கவிதையைக் கேட்டு அவர் கண்ணீர் விட்டாராம். கவிதை தொடங்கியதும் அவர் மெஷின்மேல் தலைசாய்த்துக் குறட்டை விட்டதும், நீ கோபித்துக்கொண்டு புத்தகத்தை மூடியதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்குப் பிடித்தது கொலைக் கதை மட்டும்தான். நீ மெதுவாக வாசித்தால் பொறுமை இழந்து, பிணம் எப்போது விழும் என்று கேட்பார். நம் தெருவின் பாதிப் பேர் அந்தக் கொலைக் கதைக்காகத்தான் வந்து உட்கார்ந்தார்கள். இதை எழுதியிருந்தால் உன் நாவலின் மதிப்பு குறைந்துபோயிருக்குமோ?

இனிதான் என் வயிறு எரிகிற இடம். சட்டையை வாங்கிப்போக வந்த சிப்பாய்களில் ஒருவன் குவியலைத் தானே கிளறினான். புத்தகங்கள் சரிந்து விழுந்தன. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, பொல்லாத நேரம், அவ்வளவுதான். அப்போது பின்னறையில் துணிப் பொதிகளுக்குள் ஒளிந்திருந்தவள் நீ ஒருத்திதான். மறுநாள் காலை குழாயடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாய். அண்ணன் கைகூப்பிக் கெஞ்சினார் என்றாய். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னை வீட்டுக்கு விடுங்க. என் சம்சாரம் மாசமா இருக்கா, தனியா இருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் என்றாய். அன்றே அதை அண்ணியிடம் ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். இழுத்துப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டுதான் அவள் பிள்ளை பெற்றாள், கடையைத் திறந்தாள், காஜா எடுத்து, பொத்தான் தைத்து மகளை வளர்த்தாள்.

நீ என்ன எழுதியிருக்கிறாய்? "அவர் புன்னகைத்தார். 'இவை என் புத்தகங்கள். என்னை அழைத்துச் செல்லுங்கள். சொற்களை விட்டுவிடுங்கள்' என்றார்." சொற்களை விட்டுவிடுவதாம். அந்த மனிதர் இரண்டு சொல்லைச் சேர்த்து அப்படிப் பேசி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

போன மாதம் யாரோ கணவனும் மனைவியும் வெளியூரிலிருந்து உன் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார்கள். அண்ணியை வாசலில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போனார், உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னை வரவழைத்து அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன், உள்ளதை உள்ளபடியே. வேறு என்ன செய்ய?

அவள் அழவில்லை. கேட்டுவிட்டு, மடியிலிருந்த துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்போ அவரே போயிருக்காரு. வயித்துல பிள்ளையோட நான் இங்க இருக்கேன், அவர் சிரிச்சிக்கிட்டே போயிருக்காரு. புத்தகத்துக்காக." நான் உண்மையைச் சொன்னேன், மன்றாடினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அன்றைக்கு அவளைத் தேற்றுவதற்காக நான் இட்டுக்கட்டிச் சொன்னேனாம். அந்த அறையில் இருந்தவள் நீதானாம். அச்சில் யாராவது பொய் போடுவார்களா என்று என்னையே கேட்கிறாள். மறுநாள் போனபோது சுவரில் அண்ணனின் படம் இல்லை. கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

நூலகத்தைப் புதுப்பித்துத் திறக்கிறார்கள். வாசலில் ஒரு கல் வைத்து, நீ இட்டுக்கட்டிய அந்த வரியைச் செதுக்கப்போகிறார்கள். அதை மேடையில் ஒப்பிக்க அண்ணனின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடக்கிறது. நீதான் சிறப்பு விருந்தினராம்.

வா. வந்து மேடைக்குப் போகுமுன் தையல்கடைக்குப் போ. அண்ணியின் எதிரே உட்கார்ந்து, குழாயடியில் என்னிடம் சொன்னதை அவளிடம் சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இன்னும் உன் தோழிதான் என்று நம்பிக்கொண்டிருக்கும்
முத்திரை

*

அன்பு முத்திரைக்கு,

உட்கார்ந்து படிக்கச் சொன்னாய். நின்றுகொண்டேதான் படித்தேன். எனக்கும் கோபம் வரும் என்பதை மறந்துவிடாதே.

அது நாவல். கற்பனை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு முன்பின் தெரியாதவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். நம் ஊர் எங்கே இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்தது, இன்று தெரிகிறது. நூலகத்துக்குக் கூரை எப்படி வந்தது என்று நினைக்கிறாய்? உன் செயலாளரின் சாமர்த்தியத்தாலா? அந்தப் பக்கத்தைப் படித்து அழுதவர்கள் அனுப்பிய பணத்தில் வந்தது. கொலைக் கதை கேட்கக் கூடிய கூட்டத்துக்காக யார் கூரை போட்டுக் கொடுப்பார்கள், சொல்.

என் உரிமையைக் கேட்கிறாய். உனக்குக் குழாயடியில் என் வாயால் வந்தது மட்டும்தான் தெரியும். நான் கேட்டேன். பொதிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். மனிதர் ஒருவர் எப்படிக் கெஞ்சுவார் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரல் நடுங்கியது, உடைந்தது, அவன் உதைத்தபோது குழந்தையைப்போல் வந்த சத்தம், எல்லாம் தெரியும். அதையா எழுதச் சொல்கிறாய்? ஊரெல்லாம் உட்கார்ந்து அதைப் படிக்கவா? அச்சிலாவது அவரை ஒரு தடவை நிமிர்ந்து நிற்க வைக்க ஆசைப்பட்டேன். அது குற்றமென்றால் நான் குற்றவாளிதான்.

அண்ணிக்குப் படிக்கத் தெரியாது, அவள் காதுக்குப் போகாது என்று நினைத்தேன். இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

விழாவுக்கு என்னால் வர முடியாது. உடம்பு சரியில்லை. வாழ்த்துச் செய்தி ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதை நீதான் மேடையில் வாசிக்க வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். உன் குரலில் கேட்டால் நன்றாக இருக்கும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்
குருவி

*

குருவி,

'அன்புள்ள' என்று போடப் பேனா வரவில்லை.

உடம்பு சரியில்லையாம். செயலாளருக்கு வேறு ஊர் விழாவில் பேச ஒப்புக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். பொய் சொல்வதென்றால் இரண்டு பேரிடமும் ஒரே பொய்யையாவது சொல்லியிருக்கலாம்.

விழா நடந்தது. நடந்ததைக் கேள். வாசலில் கல், அதன்மேல் பளபளவென்று உன் வரி. முன்வரிசையில் அண்ணியை உட்கார வைத்திருந்தார்கள். வரமாட்டேன் என்றவளை வண்டி அனுப்பிக் கூட்டிவந்திருந்தார்கள். பிரார்த்தனை மாதிரி அண்ணியைத் தவிர எல்லாரும் எழுந்து நிற்க, மகளை மேடையில் ஏற்றினார்கள். அந்தப் பிள்ளை "இவை என் புத்தகங்கள்" என்று தொடங்கியதும் அண்ணி எழுந்தாள். படியேறிப் போய் மகளின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. கை தட்டியது, குருவி.

அந்தத் தட்டலோடு என்னைக் கூப்பிட்டார்கள். உன் தாளைப் பிரித்து, "என் நெஞ்சில் வாழும் ஊர் மக்களே" என்பதுவரை வாசித்தேன். தாளை மடித்துவிட்டு, அண்ணன் என்ன சொன்னார் என்று சொன்னேன். என்னை வீட்டுக்கு விடுங்கள் என்றார், சிரிக்கவில்லை, அழுதார் என்று சொன்னேன். மைக் நின்றது. தானாக நின்றதா, நிறுத்தினார்களா என்று தெரியாது. நூலகத்தில் இத்தனை வருஷம் மெதுவாகப் பேசிச் சேர்த்துவைத்த குரல் என்னிடம் இருந்தது. கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னேன்.

தியாகியைக் கேவலப்படுத்தாதே என்று ஒருவர் கத்தினார். தோழி பெரிய ஆளாகிவிட்ட பொறாமை என்று ஒரு பெண் சொன்னாள். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அண்ணி திரும்பிப் பார்த்துச் சொன்னதுதான் உறைத்தது. "எனக்காக நீ நல்லவளா இருக்காத. நீ அங்க இல்ல. இருந்தவ எழுதிட்டா." மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது எனக்குப் புது நூலகத்தில் இருக்கை இல்லை. கிடங்கில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல்லியிருக்கிறார்கள். போடுகிறேன். அது பெரிய விஷயமில்லை.

உன் கடிதத்தில் ஓரிடத்தில் நீ பச்சையாக எழுதியிருந்தாய். அந்தக் குரல் நடுங்கியது, உடைந்தது என்று. அவரை நிமிர்த்தி வைத்ததாகச் சொன்னாய். யாரடி அவரைக் குனிந்தவர் என்று சொன்னது? வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு மனிதன் அழுதால் அது கேவலமா? பெண்டாட்டியை நினைத்து ஒருவன் கெஞ்சியதை விட உன் சொற்களும் கூரையும் பெரிதா? அண்ணிக்கு அந்த மனிதர் விட்டுப்போன சொத்து அந்தக் கெஞ்சல் ஒன்றுதான். நீ அதைப் பிடுங்கிக்கொண்டு போய், அதற்குப் பதில் ஒரு சிலையைக் கொடுத்திருக்கிறாய்.

நீ வரமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. எழுதவாவது செய். எனக்கில்லை, அண்ணிக்கு. உன் கையால், அலங்காரமில்லாமல். இதுவும் முடியாது என்றால் இனி எனக்கு எழுதாதே.

முத்திரை

*

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இதை முத்திரை உங்களுக்கு வாசிப்பாள். அவள் ஒரு சொல்லையும் மாற்றமாட்டாள், எனக்காகவும் மாற்றமாட்டாள்.

புத்தகத்தில் இருப்பது நான் இட்டுக்கட்டியது. முத்திரை சொன்னதுதான் நடந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தார். புத்தகம் யாருடையது என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அடித்தார்கள். "என்னை வீட்டுக்கு விடுங்க, என் சம்சாரம் மாசமா இருக்கா" என்றார். இழுத்துக்கொண்டு போகும்போதும் அதையேதான் சொன்னார். தெரு திரும்பும்வரை எனக்குக் கேட்டது. உங்களைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

முத்திரையிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அடி விழும்போது அண்ணன் பின்னால் நகர்ந்து வந்து, நான் ஒளிந்திருந்த பொதியின்மேல் முதுகை ஒட்டி நின்றார். என்னை மறைப்பதற்காக வந்தாரா, பயத்தில் பின்வாங்கினாரா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கமாகக் கையைக் காட்டியிருந்தால் அவரை விட்டிருப்பார்களோ என்னவோ. காட்டவில்லை. இதை நினைக்காமல் நான் ஒருநாளும் கண் விழித்ததில்லை. தெரியாத அந்த ஒன்றைத் தெரிந்ததுபோல் ஆக்கிக்கொள்ளத்தான் சிரிக்க வைத்தேன். நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில் செய்தேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

குருவி

*

குருவிக்கு,

உன் கடிதம் வந்தது. அன்று மதியமே கடையை மூடச் சொல்லி, அண்ணியை உட்கார வைத்து வாசித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இனிப்பாக எழுதினால் நீயே நம்பமாட்டாய்.

முதல் பாதியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். தெரு திரும்பும்வரை கேட்டது என்ற இடத்தை இன்னொரு தடவை. பிறகு உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. படத்தைக் கொண்டுவந்து மாட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "மனுஷனை வீணா வைஞ்சிட்டேனே" என்று அதன் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும்தான்.

பொதியின்மேல் சாய்ந்து நின்றதை வாசித்தபோது அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பயந்துதான் நின்னிருப்பாரு. எலி ஓடினாலே என் பின்னாடி வந்து நிக்கிற ஆளு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா காட்டிக் குடுக்கிற ஆளும் இல்ல" என்றாள். இத்தனை வருஷம் நீ போட்டுக் குடைந்துகொண்டிருந்ததற்கு அவள் தந்த பதில் அவ்வளவுதான். வைத்துக்கொள்.

கல்லின் கதையையும் சொல்ல வேண்டும். அந்த வரியை எடுக்கச் சொல்லிச் செயலாளரிடம் போனோம். உன் கையெழுத்தைக் காட்டினோம். ஊர்ப் பெருமையாகிவிட்டது, இனி தொடக்கூடாது என்றார். அண்ணி கல்லுக்கு நாடா பிடித்து அளவெடுத்தாள். மறுநாள் கெட்டித் துணியில் உறை தைத்து மாட்டிப் பின்னால் பொத்தான் போட்டுவிட்டாள். கனகச்சிதமாக இருந்தது, சட்டை போட்ட மாதிரி. கழற்றினார்கள். இன்னொன்று தைத்தாள். அதையும் கழற்றினார்கள். அடுத்தது கோடு போட்ட துணியில், காலர் வைத்து. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கல்லைப் படிக்க முடியாமல், ஏன் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் கடை வாசலில் நின்றபடி எல்லாருக்கும் சொன்னாள். கடைசியில் செயலாளர்தான் களைத்துப்போனார். கொத்தனார் வந்து வரியைக் கொத்தி எடுத்தார். அண்ணன் உண்மையில் சொன்னதைப் பொறிக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அது கல்லில் போடுகிற பேச்சா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட தொனியில் எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது. இப்போதைக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. தடவினால் சொரசொரவென்று இருக்கும்.

இனி நான் எழுதப் பயந்த விஷயம். உன் கடிதத்தை மடித்த பிறகு அண்ணி முந்தானையால் படத்தைத் துடைத்தாள். அப்புறம் கேட்டாள். "அவர் அப்படிக் கதறுறப்போ, இவ ஏன் வெளிய வரல?"

நாவலில் நீ அண்ணனுக்கு வைத்த அந்தச் சிரிப்பு எதை மூடுவதற்கு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ வெளியே வந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பீர்கள் என்று சொன்னேன். உனக்காக வாதாடினேன், கோபம் தீராமலே வாதாடினேன். அண்ணி என்னை நிறுத்தினாள். "தெரியும். எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனா நான் கேக்கணும். அவ எதிர்ல உக்காந்து கேக்கணும்."

என் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. என் பெயரில் நீ எழுதிய அந்தச் சூரியனுக்காக இன்னும் உன்னை ஒரு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் பொதிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தவளை இன்றுவரை யாரும் போய் எழுப்பவில்லை என்பதும் எனக்கு இப்போது தெரிகிறது.

அதனால் சொல்கிறேன், வா. மேடை இல்லை, கூட்டம் இல்லை. கடையில் இரண்டு முக்காலி, மூன்றாவதை நான் கிடங்கிலிருந்து கொண்டுவருகிறேன். அவள் கேட்பாள். உன்னிடம் பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும். எதுவும் சொல்லாமல், எழுந்து ஓடாமல், அவள் கேட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால் போதும். நான் பக்கத்தில் இருப்பேன்.

பத்திரமாக வந்து சேர்.

முத்திரை